விசையைத் தட்டும் விரல்

ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாடியவரைப் பற்றி எழுதுகிறார்கள். இசையமைத்தவரைப் பற்றி எழுதுகிறார்கள். அண்மைக்காலமாக ஒலிப்பொறியாளரையும் ஓரிரு வரிகளில் நினைத்துக்கொள்கிறார்கள். விசையைத் தட்டிய விரலைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. பாடத் தொடங்கு என்பதும், போதும் என்று நிறுத்துவதும், இன்னொரு முறை என்று திரும்பக் கேட்பதும் அந்த விரல்தான். மிக நீண்ட காலம் அது பாடுகிறவரின் விரலாக இருந்ததில்லை. இன்று அம்பத்தூரில் ஓர் ஒற்றை அறையில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் ஒருவர் பாடுகிறவராகவும் விசையைத் தட்டுகிறவராகவும் ஒருசேர இருக்க முடிகிறது. அதே கணினியைக் கடல் கடந்து இன்னொருவர் இயக்கவும் முடிகிறது. அந்த விரல் கைமாறி வந்த வழியைத் தமிழ்நாட்டை வைத்து, குறிப்பாக நான் வாழும் சென்னையின் மேற்குப் புறநகரை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றிற்று.

ஒலிவாங்கி இல்லாத காலத்தில் அது விரலாகக்கூட இல்லை, முழுக் கையாக இருந்தது. 1902-இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த நாள் தொடங்கி 1925-ஐ ஒட்டி மின்முறைப் பதிவு வரும்வரை, பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாய்க்குள் பாட வேண்டியிருந்தது. உச்சத்தில் குரல் எழும்போது ஊசி தடம் பிசகிவிடும். ஆகவே பதிவாளர் பாடகரின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பார். கீழ்ச் சுரங்களில் முன்னே தள்ளுவார். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில விநாடிகளும். அதற்குள் ஆலாபனையும் பல்லவியும் முடிந்தாக வேண்டும். ஒலி அளவைக் கட்டுப்படுத்துவது என்பதற்கு அன்று மனித உடலைக் கட்டுப்படுத்துவது என்றுதான் பொருள்.

ஒலிவாங்கி வந்ததும் கை விலகிக் கண்ணாடிக்கு அப்பால் போயிற்று. சென்னையில் 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முன்முயற்சியில் பிறந்த வானொலிக் கழகம், 1930-இல் மாநகராட்சியின் பொறுப்புக்கு மாறி, 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் நிலையமாயிற்று; 1954-இல் கடற்கரைச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் கட்டடத்தின் ஒலிப்பதிவு அறைக்குள் சென்றவர்களுக்குத் தெரியும்: சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும், கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் முகத்தில் எதுவும் தெரியாது. குரல் தேர்வு, தர வரிசை எல்லாம் அந்தக் கண்ணாடியைக் கடந்துதான்.

இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. சென்னை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பிகள் பல பத்தாண்டுகள் ஆவடியில் இருந்தன. ஆவடியில் வசித்த ஒரு பாடகர் வானொலியில் பாட வேண்டுமானால் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிப் பேருந்து பிடித்துக் கடற்கரைக்குப் போக வேண்டும். அவர் பாடியதும் அந்தக் குரல் மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே திரும்பி வந்து, அவர் ஊர்க் கோபுரத்திலிருந்தே வானில் ஏறும். காங்கிரசின் 1955 மாநாட்டுக்காகவும் டாங்கி தொழிற்சாலைக்காகவும் ஆவடியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். குரல் ஓரிடத்தில், அதை இயக்கும் கருவி வேறிடத்தில் என்னும் ஏற்பாடு நமக்குக் கணினி கற்றுத் தந்ததன்று.

திரைப்படத்தில் இந்தப் பிரிவு வேறு வகையில் நிகழ்ந்தது. 1938-இல் ஏ. வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் நுழைந்தபோது குரல் வாயிலிருந்து பிரிந்தது. ஆனால் இசைக்கூடத்துக்குள் அடுத்த நாற்பது ஆண்டுகளும் மனிதர்கள் சேர்ந்தே இருந்தார்கள். ஐம்பது பேர் ஒரு கூடத்தில் அமர்ந்து ஒரே ஓட்டத்தில் வாசிப்பார்கள். எங்கோ ஒரு மூலையில் ஒரு வயலின் தப்பினால் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூடங்கள்தாம் நினைவுக்கு வரும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோ வரிசைப்படுத்துகிறார். அத்தகுதிகளில் பெரும்பகுதி மற்றவர் செய்வதை அறிந்து தன்னுடையதைச் செய்யும் திறன்தான். எம். பி. சீனிவாசன் திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்டதும் இந்தக் கூடத்தை நம்பித்தான். கூடத்தில் ஐம்பது பேர் தேவை என்னும்வரை ஐம்பது பேருக்கும் பேரம் பேசும் வலிமை இருந்தது.

பல தட நாடா வந்து இதைச் சற்றே தளர்த்தியது. உடைத்தது 1983-ஆம் ஆண்டு அறிமுகமான ‘மிடி’ என்னும் நெறிமுறை. ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கியது அது. மிடி கம்பியின் வழியே ஒலி போவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தச் சுரத்தை இந்த அழுத்தத்தில் தொடங்கு, இப்போது விடு என்னும் ஆணை மட்டுமே போகிறது. ஒரு சுரத்தைத் தொடங்கும் ஆணைக்கு மூன்று பைட்டுகள் போதும். ஒருவன் ஒரு விசைப்பலகையைத் தொட்டு அறையின் மறுகோடியில் இருக்கும் பத்துக் கருவிகளை ஒலிக்கச் செய்யலாம். கணினியிடம் அந்த ஆணைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டால் ஒருவனும் தொடவே வேண்டாம். 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் இளையராஜா கணினியைக் கையாண்டபோது தமிழ்ச் செவிக்கு அது புதிய ஒலியாக மட்டும் கேட்டது. கூடத்தில் காலியாகப் போகும் நாற்காலிகளின் சத்தமும் அதில் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

1989-இல் கோடம்பாக்கத்தில், வீட்டை ஒட்டியே, ஏ. ஆர். ரகுமான் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1992-இல் ‘ரோஜா’. அந்த மூன்றாண்டு இடைவெளியில் உலகெங்கும் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்: 1989-இல் டிஜிடிசைன் நிறுவனம் கணினித் தட்டில் நேரடியாக ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் கருவித்தொகுதியை விற்கத் தொடங்கியது, 1991-இல் அதுவே ‘புரோ டூல்ஸ்’ ஆயிற்று. ஜெர்மனியில் ‘கியூபேஸ்’, ‘லாஜிக்’ என்னும் மென்பொருள்கள் மிடி ஆணைகளை எழுதும் ஏடுகளாகத் தொடங்கிப் பின்னர் ஒலியையும் சேர்த்துக்கொண்டன. வானொலியில் கால் அங்குல நாடாவைப் பிளேடால் சாய்வாக அறுத்து ஒட்டியவர்களுக்கு, ஒரு முறை அறுத்தால் அறுத்ததுதான். மென்பொருளில் மூலம் தொடப்படாமல் அப்படியே இருக்கும். எங்கிருந்து எங்குவரை ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே மாறும். ஏட்டுச்சுவடியைத் தொடாமல் ஓரத்தில் பாடவேறுபாடு எழுதுகிற பதிப்பாசிரியனின் வேலை அது. உ.வே.சா.வுக்குப் பிடித்திருக்கும்.

இதன் விளைவாகப் பாடகரின் நிலை மாறியது. பாடகர் தனியே வந்தார். சில சமயம் பாடலின் முழு வடிவம் என்னவாகப் போகிறது என்று தெரியாமலே பல விதமாகப் பாடினார். எடுத்தவற்றில் எது வேண்டும் என்று பின்னிரவில் வேறொருவர் தேர்ந்தார். குறையாக இதைச் சொல்லவில்லை. எச். ஸ்ரீதர் போன்ற ஓர் ஒலிப்பொறியாளர் நான்கு தேசிய விருதுகள் பெறும் அளவுக்கு ஒலிப்பதிவு தனிக்கலையாக மலர்ந்ததும் இந்த முறையில்தான். ஆயினும் 1998-இல் வெளியான ‘தில் சே’ படத்துக்காக லதா மங்கேஷ்கர் சென்னைக்கு வந்து பாடியபோது நடந்ததாகக் கவிஞர் குல்சார் நினைவுகூரும் ஒரு செய்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். பாடும் சிற்றறைக்குள் நின்ற லதாவுக்கு வெளியே எவர் முகமும் தெரியவில்லை. அரை நூற்றாண்டு முகம் பார்த்துப் பாடியவருக்கு அது ஒவ்வவில்லை. குல்சார் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, அவர் கண்ணில் படும்படி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். இதில் குல்சார் செய்த தொழில்நுட்பப் பணி எதுவுமில்லை. அங்கே ஒரு முகம் இருந்தது, அவ்வளவே. இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியதில் பாதி அந்த முக்காலியில் இருக்கிறது.

தொலைவிலிருந்து இயக்குதல் என்பது இதே காலத்தில் படிப்படியாக வளர்ந்தது. நாடா எந்திரங்களுக்கே நீண்ட கம்பியுடன் கூடிய இயக்குப்பெட்டி உண்டு. 1992-இல் மிடி நெறிமுறையில் ஓடு, நில், பதிவு செய், பின்னோக்கு என்னும் ஆணைகள் தனியே சேர்க்கப்பட்டன. எந்த நிறுவனத்தின் கருவியும் வேறெந்த நிறுவனத்தின் எந்திரத்தையும் இயக்கலாம் என்றாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் நகரும் சறுக்குவிசைகள் கொண்ட மேசைகள் வந்தன. கணினித்திரையில் ஒரு தடத்தின் ஒலியளவை ஏற்றினால் மேசையில் விசை தானே மேலேறும். பார்க்கப் பேய் வேலை போலிருக்கும். 1997 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஓ.எஸ்.சி.’ என்னும் நெறிமுறை இந்த ஆணைகளைக் கணினி வலைப்பின்னல் வழியே அனுப்ப வழி செய்தது. கைபேசி வந்தபின் மேசையும் தேவையில்லை. ‘ஆர்டர்’ என்னும் கட்டற்ற மென்பொருள் ஓ.எஸ்.சி. ஆணைகளை ஏற்கும், ‘ரீப்பர்’ என்னும் மென்பொருளைக் கைபேசியின் உலாவியிலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம், பதிவு செய்யலாம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டு விளக்கம். 2020 ஊரடங்கில் பாடங்களைக் குரலாகப் பதிந்து அனுப்ப வேண்டியிருந்தபோது, மடிக்கணினியின் விசிறிச் சத்தம் எல்லாப் பதிவிலும் ஒரு வண்டாக ரீங்கரித்தது. கணினியை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, ஒலிவாங்கிக்கு நீளக் கம்பி இழுத்து, கைபேசியால் பதிவைத் தொடங்கி நிறுத்தியதும் வண்டு போயிற்று. அரக்கோணம் மார்க்கத்து ரயில்கள் போகவில்லை. அவை அம்பத்தூரின் பகுதி. அந்த மாதங்களில் என்னைப் போன்றவர்கள் மட்டுமன்றித் தொழில்முறைப் பாடகர்களும் வீட்டிலிருந்தே பதிந்தார்கள். 2020 மே மாதம் வெளிவந்த ‘ஜயது ஜயது பாரதம்’ பாடலில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடகர்கள் அவரவர் இடத்திலிருந்து பாடி இணைந்தார்கள். கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே ஆள் என்னும் நிலை அப்போதுதான் பொதுவழக்கம் ஆயிற்று. தப்பினால் எவரும் முகம் சுளிப்பதில்லை. நன்றாக அமைந்தால் தலையாட்டவும் ஆளில்லை.

தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. இளையராஜா ‘ஹே ராம்’ (2000) படத்துக்கும் ‘திருவாசகம்’ (2005) ஆக்கத்துக்கும் புடாபெஸ்ட் நகரின் இசைக்குழுவைப் பயன்படுத்தியபோது அங்கே நேரில் சென்றார். பின்வந்த இசையமைப்பாளர்களில் பலர் போவதில்லை. புடாபெஸ்டிலோ ஸ்கோப்யேயிலோ நாற்பது வயலின்கள் வாசிக்க, இவர்கள் சென்னையில் அமர்ந்து கேட்டுத் திருத்தம் சொல்கிறார்கள். புடாபெஸ்ட் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஒரு வழிக்கு 34 மில்லி விநாடி, போய்வர 68. உண்மையில் இழை வளைந்து வளைந்து போவதாலும் இடைநிலைக் கருவிகளாலும் இது இரு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். மாத்திரை என்னும் கால அளவைக் கண்ணிமைப்பாலும் விரல் நொடிப்பாலும் சுட்டியவர் தொல்காப்பியர். கண் இமைக்க 100 முதல் 400 மில்லி விநாடி ஆகும் என்கிறார்கள். ஆக, சென்னைக்கும் புடாபெஸ்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு மாத்திரை. பேசுவதற்கு அது ஒன்றுமேயில்லை. தாளத்துக்கு அது பாதாளம். ஏறத்தாழ 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே சேர்ந்து வாசிப்போர் தடுமாறத் தொடங்குவர். எனவே இங்கிருந்து தாளம் அனுப்பப்படுவதில்லை. தாளத்தடமும் முன்பே பதிந்தவையும் கோப்புகளாக அங்கே போய்விடுகின்றன. அங்குள்ள மென்பொருள்தான் அவற்றை ஓட்டுகிறது. இங்கிருந்து போவது ஆணையும் அபிப்பிராயமும் மட்டும். கூடம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் வேறு நாட்டில். வடபழனி, சாலிகிராமம் பக்கங்களில் வயலின் வாசித்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அதனால் ஆறுதல் ஏதுமில்லை.

விசையின் மேல் இன்னொரு விரலும் இருக்கிறது. அது மென்பொருளை விற்றவரின் விரல். 2002-இல் ஆப்பிள் நிறுவனம் லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை வாங்கியது. விண்டோஸ் கணினிகளுக்கான லாஜிக் அத்தோடு நின்றது. அதில் பல ஆண்டு உழைப்பைச் சேர்த்தவர்கள் ஒன்று கணினியை மாற்ற வேண்டும், இல்லையேல் பழையதைப் பூதம் காத்ததுபோல் காக்க வேண்டும். இன்று பல ஒலிப்பதிவு மென்பொருள்கள் மாதச் சந்தாவில் வருகின்றன. சந்தா நின்றால் மென்பொருள் ஓடாது, நம் பாட்டை நாமே திறக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ‘ஆடாசிட்டி’, 2021-இல் ஒரு நிறுவனத்தின் கைக்கு மாறியதும், பயன்படுத்துவோர் நடவடிக்கைகளைத் திரட்டி அனுப்பும் ஏற்பாடு ஒன்று முன்மொழியப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் கைவிடப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அந்த எதிர்ப்புக்கு வலு இருந்தது என்பது என் துணிபு. 1960-இல் பதிந்த நாடா பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் எந்த நாடா எந்திரத்திலும் ஓடும். 1998-இன் கணினிக் கோப்புக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது: எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கம் முதல் இறுதிவரை ‘வேவ்’ கோப்பாக எடுத்துத் தனியே வையுங்கள். முதல் சில விநாடிகளில் நாளையும் ஊரையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயரை எவரும் மாற்றலாம். குரலில் சொன்னது அப்படியே இருக்கும்.

மாணவர்கள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. திரைப்பட நகரில் 2017-இல் ‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சிக்கான வீடு அமைக்கப்பட்டது. உள்ளே இருப்போர் கழுத்தில் ஒலிவாங்கி. விசையெல்லாம் சுவருக்கு அப்பால். நிகழ்ச்சியின் தகுதி பற்றி எனக்குச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் உள்ளே போகிறவர்கள் கையெழுத்திட்டுப் போகிறார்கள். எங்கள் துறையில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டும் பணியில் ஒரு மாணவி, பட்டாபிராம் பக்கம் ஒரு மூதாட்டியிடம் ஒப்பாரி கேட்கச் சென்றாள். “வீட்ல வெச்சு பாடக்கூடாதும்மா, ஆவாது,” என்று மறுத்துவிட்டார் அவர். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தனியே இருக்கையில் அவர் முணுமுணுப்பதுண்டு என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். மாணவி என்னிடம் வந்து, “ஐயா, ஒரு கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே இருந்து இன்னொன்றால் இயக்கலாமா?” என்று கேட்டாள். முடியும், பத்து நிமிட வேலை. கூடாது என்றேன்.

பிறகு அவளே போய், “ஆயா, வீட்ல வேணாம், ஏரிக்கரைக்குப் போலாமா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் ஒப்பினார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில், சிவப்புப் பொத்தான் எது, அதைத் தொட்டால் என்ன ஆகும், திரும்பத் தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கைபேசியைத் தாமே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். பதிவில் முதலில் அவர் ஊர்ப் பெயரும் பேத்தியின் பெயரும் வருகின்றன. பின்னணியில் நெடுஞ்சாலை லாரிகள். மூன்றாவது கண்ணியின் நடுவில், சொல் பாதியில், பதிவு நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் பாடச் சொல்லியிருக்கலாமே என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அவள் கேட்கவில்லை. கோப்பை வெட்டாமல் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறோம்.